ஐசி 814 தொடர்: முடிவு தெரிந்த கதை ஏன் இவ்வளவு பதைக்க வைக்கிறது?

மாலைமுகில் எழுதியது:

‘ஐசி 814: தி காந்தஹார் ஹைஜாக்’ தொடரைப் பார்த்து முடித்த கையோடு எழுதுகிறேன். அனுபவ் சின்ஹா இயக்கியது, 2024 ஆகஸ்ட் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மொத்தம் ஆறு பகுதி. அப்போது எழுந்த சர்ச்சையிலேயே பலர் இதைப் பார்க்காமல் ஒதுக்கியிருப்பீர்கள். பார்த்தவர்கள் வாருங்கள், பேசலாம். நாடறிந்த சம்பவம் என்பதால் கதையை மறைக்காமலே எழுதுகிறேன்.

1999 டிசம்பர் 24. காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் ஐசி 814 விமானத்தை ஐந்து பேர் நடுவானில் கடத்துகிறார்கள். அமிர்தசரஸ், லாகூர், துபாய் பக்கம் அல் மின்ஹாத் விமானப்படைத் தளம், கடைசியில் தாலிபான் ஆட்சியில் இருந்த ஆப்கானிஸ்தானின் காந்தஹார். டிசம்பர் 31 அன்று மசூத் அசார், உமர் ஷேக், முஷ்தாக் அகமது சர்கார் ஆகிய மூவரையும் சிறையிலிருந்து விடுவித்துத்தான் பயணிகளை மீட்க முடிந்தது. திடீர்த் திருப்பம் வைக்க இதில் இடமே இல்லை. கேப்டன் உயிரோடு திரும்புவார் என்பதும் தெரியும், தொடருக்கு அடிப்படையே அவர் பின்னால் எழுதிய புத்தகம்தான். அப்படியிருந்தும் அமிர்தசரஸ் பகுதி ஓடும்போது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

ஏன் என்று யோசித்தேன். கடத்தல்காரன் கையில் இருக்கும் துப்பாக்கியால் வந்த பதற்றம் இல்லை அது. விமானம் நம் மண்ணில் நிற்கிறது. மாலை 7.01க்கு இறங்கி 7.49க்குப் பறந்துவிட்டது. அந்த 48 நிமிடமும் தில்லியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர்களில் யாரும் கெட்டவரில்லை, முட்டாளுமில்லை. ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்கிறார்கள். உயிர்ச்சேதம் ஆனால் பொறுப்பு யார் தலையில் விழும்? என்எஸ்ஜி கமாண்டோப் படை வரும்வரை காத்திருப்பதா, மாநில போலீஸை இறக்குவதா? இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். அந்த அறைக்குள் போய் யாரையாவது பிடித்து உலுக்கத் தோன்றியது எனக்கு.

இந்தத் தொடரின் பலமே அந்த அறைதான் என்பது என் கருத்து. உங்களுக்கு எப்படி?

திரைவெறியன் எழுதியது:

அறைக்காட்சிகள் பலம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நசீருதீன் ஷா அமைச்சரவைச் செயலாளர், பங்கஜ் கபூர் வெளியுறவு அமைச்சர், மனோஜ் பாஹ்வா, குமுத் மிஸ்ரா இருவரும் உளவுத்துறை. இத்தனை பேரை ஒரே சட்டகத்தில் உட்கார வைத்தாலே பாதி வேலை முடிந்தது. நம்மூர் அரவிந்த் சாமி வெளியுறவுத் துறை அதிகாரியாக வருகிறார். குரலே உயர்த்தாமல் நடித்திருக்கிறார். கோபம் வரவேண்டிய இடத்தில் கண்ணாடியை மட்டும் சரிசெய்துகொண்டு பேசும் ஆள் மாதிரியான உடல்மொழி. அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

ஆனால் பத்திரிகை அலுவலகக் காட்சிகள்? தியா மிர்சாவும் அம்ரிதா பூரியும் நல்ல நடிகைகள்தான். இருந்தாலும் அந்த அலுவலகம் வரும்போதெல்லாம் விமானத்திலிருந்து நம்மைக் கழற்றி இறக்கிவிட்ட மாதிரி ஆகிறது. நாம் ஏற்கெனவே பார்த்ததையே இரண்டு பேர் உட்கார்ந்து விளக்குகிறார்கள். ஆறு பகுதியை ஐந்தாகச் சுருக்கியிருந்தால் இன்னும் இறுகியிருக்கும்.

இன்னொன்று, முதல் பகுதியின் தொடக்கம். காத்மாண்டுவில் இருக்கும் நம் உளவு ஆள் துப்பு கிடைத்து அலைகிற இடம். அனுபம் திரிபாதி நடித்திருக்கிறார். விமானம் கிளம்பிவிடும் என்று தெரிந்தே அவர் ஓடுவதைப் பார்க்கிறோம். நீங்கள் சொல்லும் பதற்றம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஓடுபாதை எழுதியது:

விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்க்கிறேன், விமானியல்ல. இந்தத் தொடரில் காக்பிட் தொடர்பான விஷயங்களைக் கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வந்தேன்.

காக்பிட்டில் மூன்று பேர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கேப்டன், துணை விமானி, பிளைட் இன்ஜினியர். அது ஏர்பஸ் ஏ300 வகையின் பழைய மாடல். எரிபொருள், மின்சாரம், கேபின் காற்றழுத்தம் இதையெல்லாம் பக்கவாட்டுப் பலகையைப் பார்த்தபடி கவனிக்க ஒரு தனி ஆள் வேண்டும். இப்போதைய விமானங்களில் அந்த இருக்கையே கிடையாது.

அடுத்தது கதவு. “இவ்வளவு சுலபமாக உள்ளே நுழைந்துவிட்டார்களே” என்று வேறொரு இடத்தில் ஒருவர் எழுதியிருந்தார். 1999இல் காக்பிட் கதவு என்பது பெயருக்கு ஒரு தடுப்புதான். குண்டு துளைக்காத, உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு 2001 செப்டம்பர் 11க்குப் பிறகுதான் உலகம் முழுக்கக் கட்டாயமானது. அதற்கு முன்பு வரை விமானிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே கடத்தல்காரனோடு முட்டாதே, சொன்னதைச் செய், விமானத்தைத் தரையிறக்கு, மிச்சத்தைத் தரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். விமானத்தின் அடையாளத்தை ரேடாருக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7500 என்ற எண்ணைப் போட்டால் கடத்தல் என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். கேப்டன் தன் பங்கைச் செய்தார். லாகூருக்குப் போ என்று கழுத்தை நெரித்தவர்களிடம் எரிபொருள் போதாது என்று சொல்லி அமிர்தசரஸில் கொண்டுவந்து நிறுத்தினார். தரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பித்தானே அதைச் செய்தார்? மாலைமுகில் சொல்லும் அந்த 48 நிமிடத்தை என்னால் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்க முடிகிறது.

எரிபொருள் வண்டி விஷயமும் அப்படித்தான். வண்டியை முன்னால் நிறுத்தி விமானத்தை மறிக்கலாம் என்பது கீழே இருப்பவர்களின் திட்டம். எரிபொருள் வரத் தாமதமாகத் தாமதமாக உள்ளே இருப்பவர்களுக்குச் சந்தேகம் முற்றியது. பறக்காவிட்டால் பயணிகளைக் கொல்வோம் என்றார்கள். கிட்டத்தட்ட வறண்ட டேங்கோடு கேப்டன் ஓடுபாதையில் விமானத்தை ஓட்டினார். லாகூருக்குப் போனால் அங்கே விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இருட்டில் ஒரு சாலையை ஓடுபாதை என்று எண்ணி இறங்கப்போய், கடைசி நொடியில் மேலே ஏற்றினார். அதன் பிறகுதான் அனுமதி கிடைத்தது. இது எழுத்தாளர் கற்பனையில் உதித்த உச்சக்கட்டக் காட்சி இல்லை, உண்மையாகவே நடந்தது.

கேப்டனாக வரும் விஜய் வர்மா அந்த இடத்தில் மிகையாக எதுவும் செய்யவில்லை. கண் மட்டும் கருவிப்பலகைக்கும் கண்ணாடிக்கும் போய்வருகிறது. பயிற்சி பெற்ற ஒரு விமானி பயத்தில் இருந்தால் அப்படித்தான் இருப்பார்.

பழைய வானொலி எழுதியது:

தம்பிகளுக்கு வணக்கம். நான் அந்த ஒரு வாரத்தைத் தொலைக்காட்சி முன்னாலேயே கழித்தவன். 24 மணி நேரச் செய்திச் சேனல் என்பதே அப்போது புதுசு. ஒருபக்கம் புத்தாயிரம் பிறக்கப்போகிறது என்று கொண்டாட்ட ஏற்பாடு, மறுபக்கம் பிரதமர் வீட்டு வாசலில் பயணிகளின் உறவினர்கள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். கார்கில் போர் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாட்டின் மனநிலை என்ன என்பது அந்த வாசலில் தெரிந்தது. தொடரில் பழைய செய்திக் காட்சிகளை நடுநடுவே சேர்த்திருப்பது எனக்கு அதனால்தான் பிடித்தது.

அமிர்தசரஸ் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்தே பேச வேண்டும். 1993 ஏப்ரலில் தில்லியிலிருந்து ஸ்ரீநகர் போன ஐசி 427 கடத்தப்பட்டது. அதையும் லாகூருக்குக் கொண்டுபோகச் சொன்னான் கடத்தியவன். லாகூர் அனுமதிக்கவில்லை. அதுவும் அமிர்தசரஸில்தான் இறங்கியது. நள்ளிரவு தாண்டி என்எஸ்ஜி உள்ளே புகுந்து சில நிமிடங்களில் வேலையை முடித்தது. கடத்தியவன் செத்தான், 141 பேரும் பிழைத்தார்கள். அதே ஊர், அதே விமான நிலையம், அதே படை. ஆறே வருடம் கழித்து அதே இடத்தில் நம் கண் முன்னால் ஒரு விமானம் பறந்து போனது.

தொடர் எடுத்தவர்கள் இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அந்த 48 நிமிடம் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பது அப்போதுதான் இளைஞர்களுக்குப் புரியும்.

ஓடுபாதை எழுதியது:

பழைய வானொலி ஐயா, நல்ல தகவல். ஆனால் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். 1993இல் கடத்தியவன் ஒரே ஆள். அவனைப் பேச்சில் இழுத்து வைக்க மணிக்கணக்கில் நேரம் கிடைத்தது, அதற்குள் படை வந்து சேர்ந்தது. 1999இல் ஐந்து பேர், விமானத்தில் ஆளுக்கொரு பகுதியில் நிற்கிறார்கள். கிடைத்த நேரம் 48 நிமிடம். என்எஸ்ஜி வந்து சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. பறக்கவிடாமல் செய்ய ஏதாவது ஒரு வழி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். உள்ளே புகுந்திருந்தால் 1993 மாதிரியே முடிந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பழைய வானொலி எழுதியது:

உள்ளே புகச் சொல்லவில்லை தம்பி. சக்கரத்தை நகரவிடாமல் நிறுத்தியிருந்தால் போதும், மிச்சத்தை நம் மண்ணிலேயே பேசியிருக்கலாம். காந்தஹாரில் போய் உட்கார்ந்த பிறகு நம் கையில் என்ன இருந்தது? தாலிபான் அரசை நாம் அங்கீகரிக்கவே இல்லை. விமானத்தைச் சுற்றி அவர்கள் ஆயுதத்தோடு நின்றார்கள். யாரைக் காக்க நின்றார்கள் என்பதுதான் கேள்வி. பேச்சுவார்த்தைக்குப் போன நம் அதிகாரிகள் கடத்தல்காரர்களோடு மட்டுமா பேசினார்கள், அந்த அரசோடும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

கயல் எழுதியது:

எல்லோரும் நடிப்பையும் பதற்றத்தையும் பாராட்டுகிறீர்கள். எனக்கு நெருடுவது வேறு.

கடத்தல்காரர்களைத் தொடர் முழுக்க சீஃப், டாக்டர், பர்கர், போலா, சங்கர் என்றே அழைக்கிறார்கள். போலா, சங்கர் இரண்டும் இந்துப் பெயர்கள் என்பதால் வந்த புதிதில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நெட்ஃபிளிக்ஸ் பொறுப்பாளரை அழைத்துப் பேசியது. அதன் பிறகுதான் தொடக்க அறிவிப்பில் உண்மைப் பெயர்களைச் சேர்த்தார்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் என்ன? 1999இல் பிறந்தே இராத ஒரு பிள்ளை இதைப் பார்த்துவிட்டு என்ன நினைக்கும்? நிஜச் சம்பவத்தை எடுக்கிறவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

அதோடு இறுதிப் பகுதி. பாகிஸ்தான் உளவு அமைப்பின் பங்கைக் குறைத்துக் காட்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் எழுந்ததே, அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஐந்து பகுதி வரை நிதானமாக வந்த தொடர் அங்கே அவசர அவசரமாக எழுத்துப் பலகை போட்டு முடிக்கிறது.

மாலைமுகில் எழுதியது:

கயல், பெயர் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. அவை இயக்குநர் வைத்த பெயர்கள் அல்ல. 2000 ஜனவரி 6 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையிலேயே இந்த ஐந்து பெயர்களும் இருக்கின்றன. இப்ராஹிம் அதர், ஷாகித் அக்தர் சயீத், சன்னி அகமது காஜி, மிஸ்திரி ஜகூர் இப்ராஹிம், ஷாகிர் என்று உண்மைப் பெயர்களைச் சொல்லிவிட்டு, விமானத்துக்குள் ஒருவரையொருவர் இந்தப் பெயர்களால்தான் அழைத்துக்கொண்டார்கள் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. பயணிகள் கேட்டது அந்தப் பெயர்களை மட்டுமே. காமிரா விமானத்துக்குள் இருக்கும் வரை நாமும் பயணிகள் அறிந்ததை மட்டும் அறிவதுதான் சரி. உண்மைப் பெயர் தெரியாத ஒருவன் தலைக்குமேல் நிற்கிறான் என்பதும் அந்தப் பயத்தில் ஒரு பகுதி.

இறுதிப் பகுதி பற்றி நீங்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். விடுவிக்கப்பட்ட மூவரும் பிறகு என்ன செய்தார்கள் என்பதற்கே இன்னொரு பகுதி வேண்டும். மசூத் அசார் வெளியே வந்த சில மாதங்களில் ஜெய்ஷ்-இ-முகமது என்ற பயங்கரவாத அமைப்பைத் தொடங்கினார். உமர் ஷேக் 2002இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் டேனியல் பேர்ல் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் கைதானார். இதையெல்லாம் நாலு வரி எழுத்தில் காட்டிக் கடந்துபோவது போதவே போதாது.

கயல் எழுதியது:

விமானத்துக்குள் சரி. ஆனால் காமிரா தில்லிக்கும் போகிறதே? உளவுத்துறை அதிகாரிகள் உட்கார்ந்து பேசும் அறையில் உண்மைப் பெயர்களை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்படி அழுத்தமான ஒரு காட்சி வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. உங்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. அவ்வளவுதான்.

நெய்தல் எழுதியது:

இங்கே யாருமே பேசாத ஒருவரைப் பற்றிப் பேச வந்தேன். ரூபின் கட்யால். தேனிலவுக்குக் காத்மாண்டு போய்விட்டு மனைவியோடு திரும்பிக்கொண்டிருந்த 25 வயது இளைஞர். கத்தியால் குத்தப்பட்டு இறந்துபோனார். அவர் உடலோடு 27 பயணிகளைத்தான் துபாயில் இறக்கிவிட்டார்கள். மனைவி அதே விமானத்தில் காந்தஹார் வரை போனார், கணவர் இறந்தது தெரியாமலே.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து ஒரு முழுப் பகுதி எடுத்திருக்கலாம். தொடர் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. பயணிகளில் பெரும்பாலோர் நமக்கு முகமாகவே தங்குகிறார்கள், ஆளாக மனதில் நிற்பதில்லை. அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு குணம், ஒரு பழக்கம், ஒரு பேச்சுமுறை எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அளவு கவனம் இல்லை. விமானப் பணிப்பெண் இந்திராணியாக வரும் பத்ரலேகா மட்டும்தான் விதிவிலக்கு. கடத்தல்காரனிடம் தண்ணீருக்குக் கேட்கும்போதுகூட வேலையில் இருக்கும் மரியாதை குறையாமல் பேசுகிறார். அந்தக் குரல்தான் கேபினைத் தாங்கிப் பிடிக்கிறது.

மாலைமுகில், நீங்கள் தொடரின் பலம் அந்த அறை என்கிறீர்கள். எனக்கு அதுவே குறையாகவும் படுகிறது. முடிவெடுக்கும் அறையைப் பார்க்கப் பார்க்க, அந்த முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் எண்ணிக்கையாகிவிடுகிறார்கள்.

கழிவறை அடைத்துக்கொள்ளும் காட்சி மட்டும் எனக்கு வேறுமாதிரி இருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள், நாள்கணக்கில், மூடிய விமானம். நாற்றத்தைத் திரையில் காட்ட முடியாது. ஆனால் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டினாலே போதும், துப்பாக்கியை விட அது அதிகமாக உறைத்தது.

ஓடுபாதை எழுதியது:

நெய்தல், அந்தக் கழிவறைக் காட்சி பற்றி கேப்டன் தேவி சரணே பேட்டியில் சொல்லியிருக்கிறார். தொடரில் கேப்டனே இறங்கி அடைப்பை எடுப்பதாக வருகிறது. நடந்தது அப்படி இல்லை. தாலிபான் தரப்பு ஒரு தொழிலாளியை அனுப்பியது. குழாய்கள் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரியாது என்பதால், கேப்டன் அவரை விமானத்தின் அடிப்பகுதிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். கடைசியில் வெளியுறவு அமைச்சர் விமானக் குழுவுக்குச் சல்யூட் அடிப்பதும் அப்படியே நடக்கவில்லை என்கிறார். பாராட்டும் வகையில் ஒரு சைகை செய்தார், அவ்வளவே.

எனக்கு உண்மையில் நடந்ததுதான் தொடரில் வருவதை விட நல்ல காட்சியாகத் தோன்றுகிறது. பொழுதெல்லாம் தலையில் துப்பாக்கி. விமானத்தின் அடிப்பகுதிக்குள் இறங்குகிறார், ஆனால் தப்ப முடியாது. பக்கத்தில் இருப்பவர் முன்பின் தெரியாத ஒரு தொழிலாளி. இருவரும் சேர்ந்து குழாயைத் தேடுகிறார்கள். அதை அப்படியே எடுத்திருக்கலாமே? நாயகனாக்க வேண்டும் என்ற ஆசையில் நல்ல காட்சியைக் கைவிட்டுவிட்டார்கள்.

திரைவெறியன் எழுதியது:

இதைப் படித்ததும் எனக்கும் அப்படித்தான் படுகிறது. தொடரில் எங்கெல்லாம் நடந்ததை நடந்தபடி விட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் இறுக்கம் நிற்கிறது. எங்கே மெருகேற்றினார்களோ அங்கே தளர்கிறது. பத்திரிகை அலுவலகம் முழுக்கச் சேர்த்தது. சல்யூட்டும் சேர்த்தது.

பேரம் நடக்கும் பகுதிகளையும் பாருங்கள். முதலில் கேட்டது 36 பேரை, 20 கோடி டாலர் பணத்தை, அதோடு இந்தியாவில் புதைக்கப்பட்டிருந்த தீவிரவாதி ஒருவனுடைய உடலை. பணமும் உடலும் கேட்பது இஸ்லாத்துக்கு விரோதம் என்று தாலிபானே சொன்ன பிறகு அவை கைவிடப்பட்டன. 36 என்பது மூன்றாக இறங்கியது. இந்த எண்கள் இறங்க இறங்க நமக்கு நிம்மதி வர வேண்டும். ஆனால் வரவில்லை, ஏனென்றால் மிஞ்சிய மூவர் யார் என்று நமக்குத் தெரியும். முடிவு தெரிந்திருப்பது இங்கே பதற்றத்தைக் குறைக்கவே இல்லை, கூட்டுகிறது. மாலைமுகில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

பழைய வானொலி எழுதியது:

விடுவித்தது சரியா தவறா என்று இங்கே யாராவது தொடங்குவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நானே சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் அந்த உறவினர்களின் முகத்தைப் பார்த்த எனக்கு, விடுவித்தே இருக்கக் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு நடந்ததையெல்லாம் பார்த்த பிறகும் வரவில்லை. என் கோபமெல்லாம் அமிர்தசரஸோடு நிற்கிறது. காந்தஹாரில் எடுத்த முடிவு, அமிர்தசரஸில் எடுக்காத முடிவுக்குக் கொடுத்த விலை. பிறகு அரசும் கொள்கையை மாற்றியது. 2016இல் கடத்தல் தடுப்புச் சட்டமே புதிதாக வந்தது, உயிரிழப்பு நேர்ந்தால் மரண தண்டனை வரை விதிக்க அதில் இடமுண்டு.

கயல் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதில் பெயர்ச் சண்டையை விட முக்கியமான விஷயம் இருக்கிறது. 1993 சம்பவத்தைப் பற்றித் தமிழில் விரிவாக எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அதற்கென்று தனி இழை ஒன்று தொடங்குங்களேன். நானும் பழைய செய்திகளைத் தேடித் தருகிறேன்.

பழைய வானொலி எழுதியது:

சரி அம்மா. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன். ஓடுபாதைத் தம்பி, 1993இல் கடத்தப்பட்ட அந்த போயிங் 737 பற்றித் தொழில்நுட்ப விவரம் உங்களிடம்தான் கேட்பேன்.

நெய்தல் எழுதியது:

இன்னும் பார்க்காதவர்களுக்காக ஒன்று. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சேர்ந்து பார்க்க வேண்டாம். கத்திக்குத்துக் காட்சியை நீட்டிக் காட்டவில்லைதான், ஆனால் கேபினுக்குள் எந்நேரமும் மிரட்டல் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் இரண்டு பகுதியை ஒரே இருப்பில் பாருங்கள், நடுவில் நிறுத்தினால் அமிர்தசரஸின் வேகம் போய்விடும்.